எறிபவர் தின்னக்கூடியது

தேர்தல் நெருங்கும் காலங்களில் மதுரை நீதிமன்ற வளாகத்தில் என்னைத் தேடி வரும் இளைஞர்களில் சிலர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். கட்சிக்காரர், மாணவர் அமைப்பைச் சேர்ந்தவர், ஊர்ப் பிரச்சினைக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்து சலித்தவர் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. "சார், மந்திரி வர்றப்ப முட்டைய எறிஞ்சா என்ன செக்‌ஷன் போடுவாங்க?" என்பார்கள். தக்காளி என்றால் தண்டனை குறையுமா என்று கூட வந்தவர் கேட்பார். வழக்கறிஞர் என்ற முறையில் அவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது பிரிவு எண்ணோடு முடிந்துவிடுகிற கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்மேல் தின்பண்டத்தை எறிந்து ஊரைச் சிரிக்க வைப்பது உலகின் பல பகுதிகளில் வெகுகாலமாக நடந்துவரும் எதிர்ப்பு முறை. அது எந்த இடம் வரைக்கும் நியாயமான கேலி, எந்த இடத்தில் வன்மமாகிறது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதை விளக்கமாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அண்மைக் காலத்தில் இந்த எதிர்ப்பு முறையை உலகமே பேசும்படி செய்தது ஒரு மில்க் ஷேக். 2019 மே 20 அன்று, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு மூன்று நாள் இருந்தபோது, இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் வாக்குச் சேகரித்துக்கொண்டிருந்த பிரெக்ஸிட் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ்மேல் 32 வயது இளைஞர் ஒருவர் மில்க் ஷேக்கை வீசினார். வாழைப்பழமும் உப்பு கலந்த கேரமலும் சேர்ந்த அந்தப் பானத்தை அவர் 5.25 பவுண்டு கொடுத்து வாங்கியிருந்தார். அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே அந்நாட்டுத் தீவிர வலதுசாரிகள் சிலர்மேல் மில்க் ஷேக் விழுந்துகொண்டிருந்தது. மே 17 அன்று எடின்பரோவில் ஃபராஜின் கூட்டம் நடந்த இடத்துக்கு அருகே இருந்த மெக்டொனால்ட்ஸ் கடையில், காவல்துறை கேட்டுக்கொண்டதற்கிணங்க இன்று மாலை மில்க் ஷேக் விற்கப்படாது என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. உடனே போட்டி நிறுவனமான பர்கர் கிங், வார இறுதி முழுவதும் தன்னிடம் மில்க் ஷேக் கிடைக்கும் என்று ஸ்காட்லாந்து மக்களுக்கு ட்விட்டரில் செய்தி வெளியிட்டது. அது பொறுப்பற்ற விளம்பரம் என்று அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் சில மாதங்கள் கழித்து முடிவு சொன்னது.

இந்த நிகழ்ச்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது, வீசிய இளைஞர் கையில் விலங்கு மாட்டப்பட்டு நின்றபோது செய்தியாளர்களிடம் சொன்ன பதில். அந்த மில்க் ஷேக்கைக் குடிக்கத் தான் ஆவலாக இருந்ததாகவும், ஆனால் அது அதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்பட்டுவிட்டதாகவும் அவர் சொன்னார். தப்பி ஓடவில்லை, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 150 மணி நேரம் ஊதியமில்லாப் பணியும், ஃபராஜுக்கு 350 பவுண்டு இழப்பீடும் விதிக்கப்பட்டன. வேலையும் போயிற்று.

பெல்ஜியத்தில் நோயல் கோதான் என்பவர் இதையே ஒரு கலையாக வளர்த்தார். தற்பெருமை மிகுந்த பெரிய மனிதர்களின் முகத்தில் கிரீம் கேக்கை அப்புவது அவருடைய வழக்கம். பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்னார் ஹென்றி லெவி அவரிடம் பல முறை அகப்பட்டார். 1998 பிப்ரவரி 4 அன்று பிரஸ்ஸல்ஸில் பில் கேட்ஸ் முகத்திலும் கேக் அப்பப்பட்டது. கோதானிடம் ஒரு விதி இருந்தது. நல்ல கடையில், கடைசி நேரத்தில் வாங்கிய தரமான கேக்கைத்தான் அவருடைய கூட்டாளிகள் பயன்படுத்துவார்கள். காரியம் கைகூடாமல் போனால் தாங்களே உட்கார்ந்து தின்றுவிடுவார்கள்.

நியூகாசில் இளைஞரின் பதிலையும் கோதானின் இந்த விதியையும் சேர்த்துப் பார்த்துத்தான் என் கருத்தை நான் வகுத்துக்கொண்டேன். எறியப்படும் பொருள் எறிபவரே தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். தன் வாய்க்குப் போக வேண்டியதை ஒருவர் இழந்து எறியும்போது, தன்னிடம் இருப்பதில் ஒரு பங்கைச் செலவழித்துத் தன் கோபத்தைச் சொல்கிறார். யாருடைய உடம்புக்கும் ஆகாத எதுவும் அதில் இல்லை. ஆகவே பார்ப்பவர் அச்சமில்லாமல் சிரிக்க முடிகிறது. எறியப்பட்டவரும் மனம் இருந்தால் சிரித்துவிட முடிகிறது. அழுகிய முட்டைக்கும் வெந்நீருக்கும் சாணிக்கும் இந்தத் தன்மை கிடையாது. அவற்றைத் தேடி எடுத்துவருபவர் எதையும் இழக்கவில்லை. எதிரே இருப்பவருக்குக் குமட்ட வேண்டும், கூச வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

அழுகிய முட்டையின் வரலாறு நமக்குப் புதிதன்று. நாடகக் கொட்டகைகளின் காலத்தில் மேடைக்குக் கூமுட்டை பறந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பிற்பாடு அந்தக் கை அரசியல் மேடைகளுக்கும் நீண்டது. பெரியாரின் கூட்டங்களில் கல்லும் சாணியும் அழுகிய முட்டையும் வீசப்பட்டது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. 1944இல் கடலூரில் அவர் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது செருப்பு ஒன்று வந்து விழுந்தது. ஒற்றைச் செருப்பு யாருக்கும் பயன்படாது என்று வண்டியைத் திருப்பச் சொல்லி, மற்றொன்றையும் அவர் வாங்கிக்கொண்டதாக அந்த நிகழ்ச்சி இன்றுவரை சொல்லப்படுகிறது. பின்னாளில் அந்த நகரில் அவருக்குச் சிலையும் எழுந்தது. எறிந்தவர் யார் என்று இன்று ஒருவருக்கும் நினைவில்லை. சிரிக்க வைக்கும் உரிமை எறிந்தவர் கையிலிருந்து எறியப்பட்டவர் கைக்கு மாறிய இடம் அது. இழிவுபடுத்த நினைத்து எறிந்த பொருளுக்கு எதிரே நிதானமாக ஒருவர் நின்றுவிட்டால், எறிந்தவருடைய சிறுமை மட்டுமே எஞ்சுகிறது.

எறியப்பட்டவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது இந்த விஷயத்தில் பாதி. 2003இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் போட்டியிட்ட அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர், லாங் பீச் பல்கலைக்கழக வளாகத்தில் தோள்மேல் முட்டை உடைந்த பிறகும் கோட்டைக் கழற்றிவிட்டுப் பேசப் போனார். முட்டை கொடுத்தவர் இனி எனக்குப் பன்றி இறைச்சியும் தர வேண்டும் என்று பின்னர் சொன்னார். ஓரினச் சேர்க்கையாளர்களின் உரிமைகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்த பாடகி அனிதா பிரையன்ட், 1977 அக்டோபர் 14 அன்று டெமாய்ன் நகரில் செய்தியாளர் சந்திப்பின் நடுவே முகத்தில் 'பை' என்ற கேக் போன்ற தின்பண்டம் விழுந்தபோது, இது பழத்தில் செய்ததாகவாவது இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் பிரார்த்தனை செய்தார், பிறகு அழுதார். பிரிட்டனின் துணைப் பிரதமர் ஜான் பிரஸ்காட் 2001 மே 16 அன்று ரில் என்ற ஊரில் தன்மேல் முட்டை எறிந்தவரை அங்கேயே குத்தினார். அவருடைய கட்சி அந்தத் தேர்தலில் வென்றது. என்றாலும் துணைப் பிரதமர் என்றதும் பலருக்கும் அந்தக் குத்துதான் கடைசிவரை நினைவுக்கு வந்தது.

இவை எல்லாவற்றிலும் ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இரண்டு மசூதிகளில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம்களின் குடியேற்றம்தான் அந்தக் கொலைகளுக்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய செனட்டர் ஃபிரேசர் ஆனிங் அறிக்கை விட்டார். மறுநாள் மெல்பர்னில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது 17 வயது மாணவன் ஒருவன் பின்னால் நின்று அவர் தலையில் ஒரு முட்டையை உடைத்தான். செனட்டர் திரும்பி அவனை அடித்தார். அவருடைய ஆட்கள் அவனைத் தரையில் கிடத்தி அமுக்கினார்கள். காவல்துறை அவனை எச்சரித்து விட்டுவிட்டது. அவனுடைய வழக்குச் செலவுக்கென்று உலகெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. அவன் அதில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலரைக் கிறைஸ்ட்சர்ச்சில் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கே கொடுத்துவிட்டான். ஒரு முட்டையை இதைவிடச் சரியான தலையில், இதைவிடச் சரியான நாளில் யாரும் உடைத்திருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். அவன் செய்தது சட்டப்படி குற்றம் என்பதும் எனக்குத் தெரியும்.

எறிவதற்கு ஒரு திசை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரை நோக்கி எறியும்போதுதான் அது எதிர்ப்பு. மேலே இருப்பவர் கீழே எறிந்தால் அது ஒடுக்குமுறை. அதில் சிரிப்பதற்கு இடமே இல்லை. 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே பாடம் நடத்தப் போகும் வழியில் அவர்மேல் சாணியும் சேறும் எறியப்பட்டன. பள்ளிக்குப் போய் மாற்றிக்கொள்ள இன்னொரு புடவையை அவர் கையோடு கொண்டுபோனார். எறிந்தவர்கள் அன்று சிரித்திருப்பார்கள். நம் நாட்டில் ஒருவர் உடம்பின்மேல் எதையாவது எறிவது என்பதற்குள் சாதி எப்போதும் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தன் முதல் குற்றமாக, பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவரின் வாயில் தின்னத்தகாத பொருளைத் திணிப்பதை வைத்திருக்கிறது. செருப்பு மாலை போடுவதும் 2015 திருத்தத்தில் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022 ஆகஸ்ட் 13 அன்று மதுரை விமான நிலையத்துக்கு அருகே அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனின் கார்மேல் செருப்பு வீசப்பட்டபோது, கட்சி வேறுபாடு இல்லாமல் பல தரப்பினரும் முகம் சுளித்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். செருப்பு எறிவதை நான் எந்தக் கட்சி செய்தாலும் ஏற்கமாட்டேன். அது கேலி ஆகாது.

மில்க் ஷேக்கின் மேலும் ஒரு நியாயமான குற்றச்சாட்டு உண்டு. முகத்தில் ஏதோ ஒரு திரவம் விழும் அந்த அரை நொடியில், அது பாலா அமிலமா என்று விழுந்தவருக்குத் தெரியாது. பிரிட்டனில் 2016 ஜூன் 16 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தெருவில் கொல்லப்பட்டிருக்கிறார். நம் மாநிலத்தில் 1992இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சந்திரலேகாவின் முகத்தில் சென்னைச் சாலையில் அமிலம் வீசப்பட்டது. அமிலம் வீசுவதற்கும் வீச முயல்வதற்கும் தனித் தண்டனை விதிக்கும் பிரிவுகளை 2013இல்தான் நாம் சட்டத்தில் சேர்த்தோம். இப்படிப்பட்ட நாட்டில் பொது இடத்தில் ஒரு பெண் அரசியல்வாதியை நோக்கித் திரவம் எறிவது, அது மோராகவே இருந்தாலும், கேலி என்ற பெயரில் செய்யத்தகாத காரியம். மதுரையில் மில்க் ஷேக்குக்கு இணையாகச் சொல்ல ஜிகர்தண்டா இருக்கிறது. கூமுட்டை எறியப் போவதாகச் சொன்னவரைவிட, தான் குடிக்க வாங்கிய ஜிகர்தண்டாவை ஊற்றப் போவதாகச் சொன்ன இளைஞரிடம் எனக்கு மதிப்பு அதிகம். அவரிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதற்கு இந்த அரை நொடிதான் காரணம்.

இனிச் சட்டம். தாக்குதல், குற்றமுறு பலப்பிரயோகம் ஆகியவற்றுக்குக் காயம் ஏற்பட வேண்டும் என்ற அவசியமே இல்லை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 350ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னது: ஒருவர் எறிந்த கல் தண்ணீரில் விழுந்து, அந்தத் தண்ணீர் தெறித்து இன்னொருவரின் துணியில் பட்டாலும், அவரை எரிச்சலூட்டும் எண்ணத்தோடு செய்திருந்தால் அது குற்றமுறு பலப்பிரயோகம்தான். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்தக் கோட்பாட்டை 129ஆம் பிரிவில் அப்படியே வைத்திருக்கிறது. ஆகவே தக்காளிக்கும் முட்டைக்கும் சட்டத்தில் வேறுபாடு கிடையாது. சாதாரணமாக 131ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவமதிக்கும் நோக்கம் இருந்தால் 133ஆம் பிரிவு. அரசுப் பணியாளர் தம் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போது என்றால் 132ஆம் பிரிவு. இரண்டிலும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அமைச்சர் அரசுப் பணியாளர் ஆவாரா என்று ஒரு முறை ஒருவர் கேட்டார். முதலமைச்சரே அந்த வரையறைக்குள் வருவார் என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் நம் மாநிலத்திலிருந்து போனதுதான்.

அற்பமான தீங்குக்குக் குற்றம் சுமத்தக்கூடாது என்று 33ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. சராசரி அறிவும் குணமும் உள்ள ஒருவர் புகார் சொல்லாத அளவுக்குச் சிறிய தீங்கு குற்றமாகாது என்பது அதன் பொருள். பொதுக்கூட்டத்தில் சட்டையில் தெறித்த ஒரு துளி மோருக்கு அந்தப் பிரிவை வாதாடலாம். தலையில் உடைத்த முட்டைக்கு வாதாட முடியாது என்பதே என் கருத்து. வாதாடவும் வேண்டாம். எறிந்தவர் தண்டனையை ஏற்றுக்கொள்ளும்போதுதான் அவருடைய செயலுக்கு மதிப்பு வருகிறது. ஆனால் தண்டனை அளவோடு இருக்க வேண்டும். கிரேக்கத்தில் 1950களில் பெரியவர்கள்மேல் தயிர் எறிந்த இளைஞர்களை அடக்க 1958இல் 4000 என்ற எண்ணுள்ள சட்டத்தையே கொண்டுவந்தார்கள். பிடிபட்டவர்களுக்கு மொட்டையடித்துத் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். அந்தச் சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. 2010க்குப் பிறகு பொருளாதார நெருக்கடி வந்தபோது அதே நாட்டில் அரசியல்வாதிகள்மேல் மீண்டும் தயிர் விழுந்தது. மொட்டையடித்ததால் எந்தப் பழக்கமும் போய்விடவில்லை.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் 2022 அக்டோபர் 14 அன்று வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின்மேல் இரண்டு இளம் போராட்டக்காரர்கள் தக்காளி சூப்பை ஊற்றினார்கள். ஓவியத்துக்கு முன்னால் கண்ணாடி இருந்ததால் சட்டகம் மட்டும் சேதமடைந்தது. ஒருவருக்கு இரண்டு ஆண்டும் மற்றவருக்கு 20 மாதமும் சிறை விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனை மிக அதிகம். அந்தப் போராட்டமும் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் நிறுவனங்கள்மேல் உள்ள கோபத்தை ஓர் ஓவியத்தின்மேல் ஊற்றுவதில் குறி தவறிவிட்டது.

மதுரைப் பக்கத்தில் உணவை வைத்து நடக்கும் போராட்டங்களைப் பார்த்தால், நம்மவர்கள் எறிவதைவிடக் கொடுப்பதையே அதிகம் நம்பியிருக்கிறார்கள் என்பது தெரியும். வாக்குறுதியை நிறைவேற்றாத அரசைக் கண்டித்துப் பேருந்து நிலையத்தில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் அல்வா கொடுப்பார்கள். வாங்கித் தின்றவரும் சிரித்துக்கொண்டே அந்தக் கண்டனத்தில் கலந்துகொள்கிறார். குண்டும் குழியுமான தெருவில் மழைநீர் தேங்கினால் அதில் நாற்று நடுவார்கள். சேலையை வரிந்து கட்டிய பெண்கள் வரிசையாகக் குனிந்து நடும் படம் மறுநாள் நாளிதழில் வந்தால், மாநகராட்சியின் லாரி அந்தத் தெருவுக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. நெசவாளர்களுக்கு வேலையில்லாத காலங்களில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். பசியை எல்லாரும் பார்க்கும்படி நடுத்தெருவில் வைத்து, அதே நேரத்தில் பசித்தவர் வயிற்றையும் நிறைத்த போராட்டம் அது. அதில் ஒரு பருக்கை வீணாகவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்தின் பின்னே திரண்ட மாநிலம் இது. சோற்றை எதிர்ப்பின் கருவியாக்குவது எப்படி என்று நமக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

எறிவதும் நமக்குத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் வத்தலகுண்டுப் பக்கம் உள்ள சேவுகம்பட்டியில் தை மாதம் சோலைமலை அழகர் பெருமாள் கோயில் விழாவில் கூடை கூடையாக வாழைப்பழங்களைக் கொண்டுவந்து சூறை விடுகிறார்கள். கீழே நிற்பவர்கள் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். மேலேயிருந்து எறிவதில் இழிவு இல்லாமல் இருப்பதற்குக் காரணம், எறியப்படுவது நல்ல பழம் என்பதும் பிடித்தவர் அதைத் தின்னப் போகிறார் என்பதும்தான். திருவிழாவின் கடைசி நாளில் முறைப்பையன்கள்மேல் முறைப்பெண்கள் மஞ்சள் தண்ணீரை ஊற்றும்போது யாரும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. அந்த உரிமையை உறவு கொடுத்திருக்கிறது. அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்கிறவர் அதற்காகவே வெள்ளைச் சட்டை போட்டு வருகிறார். அரசியல்வாதிக்கும் வாக்காளருக்கும் இடையே அப்படி ஓர் உறவு இருந்த காலம் இருந்திருக்கலாம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கண்ணாடி ஏற்றிய காரில் வந்து போகிறவருக்கும் நமக்கும் அந்த முறை கிடையாது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமானது, யாருடைய முகத்தையும் குறிவைக்காமல் உணவைக் கொட்டுகிறவர்களின் போராட்டம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டின் பால் உற்பத்தியாளர்கள் கொள்முதல் விலையை லிட்டருக்கு 7 ரூபாய் உயர்த்தக் கேட்டார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் 3 ரூபாய் உயர்த்தி, பசும்பாலுக்கு 35 ரூபாயும் எருமைப்பாலுக்கு 44 ரூபாயும் என்று அரசு நிர்ணயித்திருந்தது. தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் அது போதவில்லை. பல மாவட்டங்களில் கறந்த பாலைச் சாலையில் ஊற்றினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் குடிக்க வேண்டிய பாலை இப்படியா வீணாக்குவது என்று கேட்டவர்கள் என் நண்பர்களிலேயே இருந்தார்கள். சினிமாக் கட்டவுட்டுக்கு ஊற்றும் பாலைக் கண்டு அவர்கள் ஒருபோதும் அப்படிக் கேட்டதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைத்துக் கறந்து, கேனில் ஊற்றிச் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்தப் பாலின் அருமை வேறு யார் சொல்லியும் தெரிய வேண்டியதில்லை. அவர் ஊற்றுவது அவருடைய அன்றைய கூலியை.

தக்காளியின் கதை இன்னும் கடுமையானது. என் அம்மா வழிச் சொந்தங்கள் உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார்கள். விலை விழுந்த ஒரு பருவத்தில் என் மாமா பறித்த தக்காளியை மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தார். பறிகூலி, பெட்டி, மாட்டுத்தாவணி வரை வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போனால் கையில் நிற்பது எதுவும் இல்லை என்றார். இதைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொட்டினால் ஊருக்கே தெரியுமே என்று நான் சொன்னேன். "அங்க கொண்டுபோய்ச் சேக்க வண்டி வாடகை யாரு குடுப்பா மாப்ளே?" என்று கேட்டார். அதற்குமேல் நான் பேசவில்லை. சந்தைக்குக் கொண்டுபோகக் கட்டுப்படாத சரக்கைப் போராட்டத்துக்குக் கொண்டுபோகவும் கட்டுப்படாது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளிக் குவியல்களில் பெரும்பாலானவை செய்தியாளருக்குச் சொல்லி அனுப்பிக் கொட்டியவை அல்ல. விற்கப் போனவர் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இறக்கிவிட்டுப் போனவை. 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் அதைப் பேசின. விலை விழுந்த மாதங்களில் அவை அங்கே வருவதில்லை.

உணவை எறிந்து எதிர்ப்புத் தெரிவிக்கும் முழு உரிமை யாருக்காவது உண்டென்றால் அது விளைவித்தவருக்குத்தான் உண்டு. அவரோ அதை ஒருவர்மேலும் எறிவதில்லை. அவர் எறியட்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் கொட்டியதை, முட்டை எறிந்த செய்திக்குக் கொடுக்கும் கவனத்தில் கால் பங்கோடாவது நாம் பார்க்க வேண்டும். அழுகிய முட்டை வாங்கப் போகும் இளைஞர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான்: உங்களுக்கு உண்மையில் கோபம் இருந்தால் ஒரு வண்டியை வாடகைக்குப் பிடியுங்கள், தோட்டத்தில் கிடக்கும் தக்காளியை விவசாயியின் பெயரில் ஏற்றிவாருங்கள், அமைச்சர் வரும் நாளில் வழியெல்லாம் நின்று வருவோருக்கு இலவசமாகக் கொடுங்கள், பையின்மேல் அன்றைய ஏல விலையை எழுதி ஒட்டுங்கள், அமைச்சருக்கும் ஒரு பை கொடுங்கள். இதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. கூட்டம் சேர்த்ததற்கு வேண்டுமானால் காவல்துறை அனுமதி கேட்கும். அந்த மனுவைக் கட்டணமில்லாமல் நானே எழுதித் தருகிறேன்.

இதையும் மீறி எறிந்துவிடுகிறவர்களுக்காகச் சட்டத்தில் ஒரு திருத்தம் வேண்டும். சமுதாய சேவை என்ற தண்டனை நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் முதல் முறையாக, பாரதிய நியாய சன்ஹிதாவின் 4ஆம் பிரிவில் நுழைந்திருக்கிறது. சிறு திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்வது, அவதூறு முதலிய ஒரு சில குற்றங்களுக்கு மட்டும் அதை விதிக்கலாம். 131ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரு முட்டைக்கு நம் நீதிபதி விதிக்கக்கூடியது சிறை அல்லது அபராதம் மட்டுமே. நியூகாசில் இளைஞருக்குக் கிடைத்தது போன்ற 150 மணி நேரப் பணியை அவர் விரும்பினாலும் விதிக்க முடியாது. காயம் எதுவும் ஏற்படாமல், தின்னக்கூடிய பொருளை எறிந்தது முதல் குற்றமாக இருந்தால், 131ஆம் பிரிவிலும் சமுதாய சேவையை விதிக்க வழி செய்ய வேண்டும் என்று மத்திய சட்ட அமைச்சகத்துக்கு ஒரு மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சேவை எங்கே செய்யப்பட வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன். அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதற்குச் சமைக்கும் கூடங்களில் விடியும் முன்பே வேலை ஆரம்பித்துவிடுகிறது. காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் அங்கே எப்போதும் ஆள் தேவை.